ஆறுதல் வாசகம், எட்டுக்குப் பத்து

படத்துக்குப் பிரேம் போடும் கடைக்கு ஆட்கள் மூன்று விஷயத்துக்குத்தான் வருவார்கள்: சாமி படம், செத்தவர் படம், வாசகம். முதல் இரண்டிலும் எனக்குச் சந்தேகம் கிடையாது. சாமியும் செத்தவரும் பேசுவதில்லை. வாசகம் பேசும். "தளராதே", "நாளை உன்னுடையது" என்றெல்லாம் பூப்போட்ட காகிதத்தில் அச்சடித்து, எட்டுக்குப் பத்து அங்குலத்தில் கண்ணாடி போட்டு, கொச்சி மட்டாஞ்சேரியில் முப்பது வருஷமாக விற்கிறேன். மலையாளத்திலும் உண்டு, தமிழிலும் உண்டு. விற்றேன் என்பதால் நம்பினேன் என்று நினைக்க வேண்டாம். கஷ்டகாலத்தில் நல்ல வார்த்தை கேட்டுக் கேட்டு நொந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இது.

பெரிய எழுத்து

சுள்ளிக்கல்லிலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயது, மடிப்புக் கலையாத சட்டை. சுவரில் இருந்த பதினைந்து வாசகத்தையும் நிதானமாகப் படித்துவிட்டு, "கோபத்தை விடு, குடும்பம் சிரிக்கும்" என்பதை எடுத்தார். வாசகம் வாங்குகிறவர் யாரும் தனக்கென்று வாங்குவதில்லை. மாமியார் மருமகளுக்கு வாங்குவாள், முதலாளி வேலைக்காரனுக்கு வாங்குவான். நான் பார்த்தவரை அப்படித்தான். இவரிடம் கேட்டேவிட்டேன், "உங்களுக்கா?" என்று.

"எனக்கெதுக்கு அண்ணாச்சி, எனக்குக் கோபமே வராது. அடுக்களையில மாட்டணும். அவ எங்க நின்னாலும் கண்ணுல படணும். இதைவிடப் பெரிய எழுத்துல உண்டா?"

ஆட்டோ சீட்

அதுவரை எல்லாம் வேடிக்கை. போன மழைக்காலத்தில் ஒரு பெரிய கண்ணாடி மேஜையிலிருந்து நழுவியது. நழுவுகிற கண்ணாடியைப் பிடிக்கப் போகக் கூடாது, கையை எடுத்துவிட்டு உடைய விட வேண்டும். இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித் தருவது இதுதான். நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நான் பிடித்தேன். வலது உள்ளங்கை.

நல்லவேளை ஹம்சா இருந்தான். கொச்சங்காடியில் பட்டறை வைத்து எனக்கு மரச்சட்டம் செய்து தருகிறவன், இருபது வருஷப் பழக்கம். சட்டம் இறக்க வந்தவன் என் கையில் துண்டைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றினான். நான் "கை போச்சா, கை போச்சா" என்று புலம்பிக்கொண்டே வந்தேன். ஒன்றும் ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்தேன்.

"மிண்டாதே, பேசாம இரி அண்ணாச்சி. கையை மேல பிடி. சீட்டுல ரத்தம் ஆக்க வேண்டா, இவன் நேத்துதான் புது கவர் இட்டது."

பதினாறுக்குள்ளே

விரலை மடக்குகிற நரம்பு இரண்டு அறுந்திருந்தது. தைத்தார்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இனி மடங்குமா என்பது மூன்று மாசம் கழித்துத்தான் தெரியும் என்றார் டாக்டர். கண்ணாடி வெட்டும் கட்டரைப் பிடிக்க அந்த இரண்டும் வேண்டும். மடங்காவிட்டால் கடை இல்லை. கடை இல்லாவிட்டால் நான் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியாது.

ஆரஞ்சுப் பழத்தோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நல்ல வார்த்தைக்கெல்லாம் வால் உண்டு, நுனிவரை காத்திருந்தால் தெரியும். புருஷன் படத்தைச் சட்டம் போடக் கொடுத்திருந்த ஒரு அம்மா பத்து நிமிஷம் என் தலைமாட்டில் உட்கார்ந்து, மனசு திடமாக இருந்தால் உடம்பு தானாகத் தேறும் என்றாள். அழக்கூடச் செய்தாள். எனக்கே கொஞ்சம் இளகியது. எழுந்து வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"அது இருக்கட்டும் அண்ணாச்சி, வர்ற வியாழக்கிழமை அவருக்குப் பதினாறு. இடது கையால முடியுமான்னு பாருங்களேன்."

ஓய்வு

காலை ஆறு மணிக்குப் போனில் ஒரு சூரியன் வரும். கீழே ஒரு வாசகம். அனுப்புவது ஜான்சன், எங்கள் தெருவில் கட்டடம் வாங்கி விற்கிற தரகர். "ஓய்வும் ஒரு மருந்து." மறுநாள், "இறக்கி வைக்கத் தெரிந்தவனே சுமைதாங்கி." பதினோரு நாள் விடாமல் வந்தது. என் சொந்தத் தம்பி இரண்டு தடவைதான் கூப்பிட்டான். இவனுக்கு ஏன் என்மேல் இத்தனை கரிசனம்?

பன்னிரண்டாம் நாள் நேரிலேயே வந்தான். என் கட்டுப்போட்ட கையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். அப்புறம் சொன்னான்.

"அண்ணாச்சி இனி கஷ்டப்பட வேண்டாம்னுதான் எனக்கு. கடையோட முன்பக்கம் ஒரு காப்பிக்கடைக்கு நல்ல ஸ்பாட். வெள்ளைக்கார சாயிப்புமார் நடக்கிற வழியல்லே?"

ஆணி அடிச்சாச்சு

எல்லாரையும்விட எனக்குச் சந்தேகம் வந்தது என் மனைவி கோமதியின் மேல்தான். பத்து நாளாக அவள் என்னைத் திட்டவில்லை. நாற்பத்தொரு வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. டாக்டர் இவளைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொல்லியிருக்கிறார், விரல் மடங்காது என்று இவளுக்குத் தெரியும், மறைக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். ஒரு மத்தியானம் தூங்கி எழுந்தால் எதிர்ச் சுவரில் கடைச் சரக்கு ஒன்று தொங்குகிறது, பக்கத்தில் கோமதி சுத்தியலோடு நிற்கிறாள். "கலங்காதே, காலம் உன் பக்கம்."

அதை எழுதியவன் நான். எர்ணாகுளத்து அச்சகத்தில் ஒரு தாளுக்குப் பதினைந்து வாசகம் அடிப்பார்கள். பதினான்குதான் சேர்ந்திருந்தது. அச்சடிக்கிறவர் அவசரப்படுத்தினார், பஸ் டிக்கெட்டின் பின்னால் இதைக் கிறுக்கிக் கொடுத்தேன். சாயா ஆறுவதற்குள் எழுதி முடித்தது. அதை எனக்கே மாட்டுகிறாள்! "டாக்டர் உன்கிட்டத் தனியா என்ன சொன்னார், மறைக்காமச் சொல்லு" என்று கத்தினேன். இந்த வாசகம் நான் எழுதின பொய் என்பதையும் சொன்னேன். அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணும் சொல்லல. திட்டினா உங்களுக்குப் பிரஷர் ஏறும்னு சொன்னாரு, அதான் வாயைக் கட்டிக்கிட்டு இருக்கேன். நீங்க எழுதினதாவே இருக்கட்டும், உங்களை மாதிரியே அதட்டிக்கிட்டுதான் இருக்கு. ஆணி அடிச்சாச்சு, இனிக் கழட்ட மாட்டேன்."

அன்று சாயங்காலம் கொஞ்சம் சோறு அதிகம் சாப்பிட்டேன்.

சுவரில் என்ன எழுதியிருக்கு

கட்டுப் பிரித்த பிறகு தினமும் ஆஸ்பத்திரியில் பயிற்சி. ரப்பர் பந்தை அமுக்க வேண்டும். என் விரல் இரண்டும் கம்பு மாதிரி நின்றன. பக்கத்து ஸ்டூலில் முருகன் என்று ஒருவர், தேனிப் பக்கம், கட்டட வேலைக்கு வந்தவர். கம்பி வளைக்கிற தொழில். சாரப்பலகை விழுந்து கை நசுங்கியிருந்தது. எதிர்ச் சுவரில் மலையாளத்தில் ஒரு வாசகம் தொங்கியது. சட்டத்தின் மூலைப் பொருத்தத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, என் கடையில் போட்டதுதான். "என்ன எழுதியிருக்குண்ணாச்சி?" என்று முருகன் கேட்டார். "முடியும் என்று நினை, முடியும்" என்று எழுதியிருந்தது. ஆறு வாரமாக விரல் அசையாத மனுஷனிடம் அதைப் படித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"செருப்பைக் கழட்டிட்டு உட்காரவும்னு போட்டிருக்கு" என்றேன்.

அவர் உடனே கழட்டி ஓரமாக வைத்தார். மறுநாளும் கழட்டினார். ஒரு வாரம் ஆனது. பயிற்சி கொடுக்கிற பெண் பார்த்துவிட்டு, எதற்கு என்று கேட்டு, சிரித்து, உண்மையைச் சொல்லிவிட்டாள். சண்டைக்கு வருவார் என்று நான் தயாராக இருந்தேன். முருகன் என் பக்கம் திரும்பிப் பந்தை அமுக்கிக் காட்டினார். லேசாகக் குழிந்தது.

"வெறுங்காலைத் தரையில ஊணிக்கிட்டு அமுக்கினா வலு வருது அண்ணாச்சி. சுவத்துல இருக்கறது அவங்களுக்கு இருக்கட்டும், நமக்கு நீங்க சொன்னதே போதும். நீங்களும் கழட்டுங்க."

கழட்டினேன். அன்றைக்கும் விரல் மடங்கவில்லை. ஆனால் மறுநாள் போகாமல் இருந்துவிடலாம் என்று காலையில் நினைத்திருந்தேன், அது மட்டும் மறந்துபோனது.

பன்னிரண்டு பீஸ்

மூன்று மாசம் முடிந்தது. விரல்கள் பாதி மடங்கின. டாக்டர், "பார்க்கலாம்" என்றார். கேட்டுக்கொண்டு நேராகக் கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்கினேன். சத்தம் கேட்டு எதிர்க்கடைக்காரர் ஹம்சாவுக்குச் சொல்லியிருக்கிறார். வந்து நின்றான். ஸ்கேலை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டான்.

கட்டர் கையில் நிற்கவில்லை. முதல் கண்ணாடியில் கோடு பாதியில் விலகி, தட்டியதும் கோணலாக உடைந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது நொறுங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவன் பார்க்கக் கூடாது என்று குனிந்து சில்லு பொறுக்குகிற மாதிரி நின்றேன். இப்போது ஏதாவது சொல்வான், எல்லாரும் சொல்கிறதைச் சொல்வான், சொன்னால் கட்டரை அவன் தலையிலேயே எறிவேன் என்று நினைத்தேன். அவன் துடைப்பத்தால் மேஜையைப் பெருக்கினான். இன்னொரு கண்ணாடியை எடுத்து வைத்தான். ஸ்கேலை அழுத்தினான்.

"இனியும் பன்ரண்டு பீஸ் உண்டு அண்ணாச்சி. வெட்டு."

ஏழாவது நேராக உடைந்தது. ஓரத்தில் ஒரு சின்னப் பிசிறு, அது சட்டத்துக்குள் மறைந்துவிடும்.

ஆறுதல் சொல்ல வருகிறவர்களை நான் இப்போதும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன், ஸ்கேலைப் பிடித்துக்கொள்கிறவனை மட்டும் கேள்வி கேட்காமல் உள்ளே விடுகிறேன்.