சரக்கு மணக்கும் பேர்பன்

தமிழ்நாட்டுப் படங்களில் சரக்கு என்றால் சாராயம். மட்டக்களப்பில் எங்களுக்குச் சரக்கு என்றால் மிளகு, சீரகம், மல்லி, உள்ளி என்கிற பூண்டு. பிள்ளை பெற்றவளுக்கு அரைத்து ஆக்கும் கறி. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நான் என் வேலையைக் காப்பாற்றப் பார்த்தேன்.

வாவிக்கரையில் ஒரு ஹோட்டல். அதில் பார் என் பொறுப்பு. பதினாறு வருடம். கண்ணைக் கட்டிவிட்டாலும் எது நல்ல தென்னஞ்சாராயம், எது கலப்படம் என்று முகர்ந்தே சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு இருந்தது, இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். நாலு மாதத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. நாசமாய்ப் போன காய்ச்சல், போகும்போது மணத்தையும் கொண்டு போய்விட்டது. "வந்தாலும் வரும், வராமலும் போகும்" என்றார் டாக்குத்தர். இதைச் சொல்லவா அவ்வளவு படித்தார்? மனைவிக்கு மட்டும் சொன்னேன். ஹோட்டலில் வாயே திறக்கவில்லை. மணம் தெரியாதவனுக்குப் பாரில் என்ன வேலை?

அந்த நேரம் பார்த்து முதலாளி ஒரு போத்தலைக் கொடுத்தனுப்பினார். அவர் களுவாஞ்சிக்குடியில் பிறந்து வெளிநாட்டில் இருப்பவர். போத்தலில் இருந்தது அமெரிக்க பேர்பன் விஸ்கி; ரை என்ற தானியத்தைக் கூடுதலாகச் சேர்த்து வடித்தது, விலை குறைந்தது.

"குடிச்சுப் பார்த்து வை தம்பி. வெள்ளிக்கிழமை நான் வாறன். பாருக்கு எடுக்கலாமா எண்டு நீதான் சொல்லோணும்" என்றார் போனில். பிறகு சும்மா சொல்வதுபோல, "கொழும்பில இருந்து ஒருத்தன் உன்ர வேலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறான்" என்றார். வீட்டில் பிள்ளை பிறந்து பதினொரு நாள்.

பகல், ஆளில்லாத நேரம் ஊற்றிப் பார்த்தேன். நல்ல தேன் நிறம். கிளாஸைச் சுழற்றி மூக்கை வைத்தேன். எரிந்ததே தவிர மணம் இல்லை. ஒரு மிடறு வாயில் வைத்தேன். நுனிநாக்கில் இனிப்பு, அது சோளம். பிறகு நாக்கின் ஓரமெல்லாம் மிளகைக் கடித்தது போல உறைப்பு, அது ரை. விழுங்கிய பிறகு கருக்கிய மரப்பீப்பாயின் துவர்ப்பு. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். உறைப்பு அடங்கி இனிப்பு முன்னுக்கு வந்தது. இந்த விலைக்கு மோசமில்லை என்று நாக்குச் சொன்னது. ஆனால் நாக்குச் சொல்வது பாதிதான், மீதியை மூக்குத்தான் சொல்லவேண்டும். பாருக்குப் பின்னால் குந்தியிருந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், விக்கி விக்கி அழுதேன்.

மருந்துப் போத்தல் ஒன்றில் கொஞ்சம் ஊற்றி நாவற்குடாவுக்கு, வீட்டுக்குக் கொண்டு போனேன். குசினியில் மனைவியின் அக்கா சரக்கு அரைத்துக்கொண்டிருந்தா. மனைவி பிள்ளையை மடியில் வைத்தபடி, "புள்ளப் பெத்தவளுக்குச் சாராயத்த மணக்கக் குடுக்கிற மனிசன் ஒலகத்திலேயே நீங்க மட்டுந்தான்" என்று ஏசிவிட்டு மூடியைத் திறந்து முகர்ந்தாள். இன்னொருதரம் முகர்ந்தாள்.

"இஞ்சேருங்க, இது என்ன, எனக்கு ஆக்குற சரக்கு மாதிரிக் கிடக்கு? மிளகு கிடக்கு, சீரகம் கிடக்கு. கறுவாப்பட்டையும் இருக்கு. பொறகால, சீனிப்பாகு அடுப்புல கொஞ்சம் கூடிப்போன மணம்."

பள்ளிக்கூடப் பிள்ளைபோல அதைப் பாடமாக்கினேன். வேலைக்குப் போக வாவிப் பாலத்தில் சைக்கிள் மிதிக்கும்போதும் மிளகு, சீரகம், கறுவா, பாகு.

வெள்ளிக்கிழமை நேரத்தோடு போய், கொடியில் காய்ந்த சீலைத் துண்டொன்றை எடுத்து இரண்டு கிளாஸைத் துடைத்து மினுக்கி வைத்தேன். முதலாளி வந்து முன்னால் அமர்ந்தார். இரண்டிலும் ஊற்றினேன். என் கிளாஸை முகர்ந்து கண்ணை மூடினேன். நடிப்பென்றால் அப்படியொரு நடிப்பு.

"சேர், இது நம்மட சரக்குக் கறி. முதல்ல மிளகு, சீரகம். பொறகு கறுவா. கடைசியில கருகின சீனிப்பாகு."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, சரக்கா! அம்மா எங்கட அக்காவுக்கு ஆக்கினது இப்பவும் எனக்கு ஞாபகம்" என்றபடி தன் கிளாஸை மூக்கடியில் கொண்டுபோனார். முகம் சுளித்தது. கையை நீட்டி என் கிளாஸையும் வாங்கி முகர்ந்தார்.

"தம்பி, ரெண்டு கிளாஸும் மீன் வெடுக்கு நாறுது. ஒனக்குத் தெரியல்லையா?"

சீலையைப் பார்த்தேன். ஹோட்டல் குசினியில் இறால் உரிப்பவர்கள் கை துடைக்கிற சீலை. தோய்த்துக் காயப்போட்டிருந்தார்கள். வெள்ளை வெளேரென்றுதான் இருந்தது. என்னிடம் மிச்சமிருந்தது கண் மட்டுந்தானே, அது என்ன செய்யும்?

"எனக்கு மணம் போய் நாலு மாசம், சேர்" என்றேன்.

"அப்ப சரக்கெண்டு சொன்னது ஆரு?"

"பெண்சாதி."

அவர் ஏசவில்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து போய்த் தன் கையாலேயே வேறு கிளாஸ் கழுவி, ஊற்றி முகர்ந்து, ஒரு மிடறு குடித்தார். "சரியாத்தான் சொல்லியிருக்கிறா" என்றார். பேர்பனைப் பாருக்கு எடுத்தார். பாரில் என்னை வைத்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை தொடக்கம் வாசலில் வாகனம் பார்க்கிற வேலை இருக்கிறது, விருப்பமென்றால் வா என்றார். "ஓம் சேர்" என்றேன். வேறென்ன சொல்ல?

வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், பிள்ளையைத் தூக்கி உச்சியில் மூக்கை வைத்து இழுத்தேன். பிறந்த நாள் தொடக்கம் தினமும் இப்படித்தான் இழுத்துப் பார்க்கிறேன். இளஞ்சூடு மட்டும் வந்தது.

"இவனுக்கு என்ன மணம் எண்டு சொல்லு" என்றேன் மனைவியிடம். "அதையும் பாடமாக்கிறன்."

அவள் பிள்ளையை வாங்கி முகர்ந்தாள். மிளகையும் சீரகத்தையும் ஒரு நொடியில் பிரித்துச் சொன்னவள் வாயைத் திறந்தாள், மூடினாள். திரும்பவும் முகர்ந்தாள்.

"சொல்லத் தெரியல்லங்க" என்று அழத் தொடங்கினாள். "புள்ள மணந்தான். வேற என்னத்தச் சொல்ல?"