எங்கள் வட்டாரத்தில் அப்பா பெற்ற வாக்குகள்

என் தந்தை சந்தாம்பிள்ளை எமிலியானுஸ் மூன்று தேர்தல்களில் நின்றார். ஒன்றில் வென்றார். 2013 செப்ரெம்பரில் வட மாகாண சபைக்கு, மன்னார் மாவட்டத்திலிருந்து, 6,204 விருப்பு வாக்குகள். அதற்கு முன்பு ஒரு முறையும் பின்பு ஒரு முறையும் பிரதேச சபைக்கு நின்று தோற்றார். கடைசித் தேர்தல் 2025 மே மாதம் நடந்தது. அந்தத் தோல்விக்குக் காரணம் நான். நாலு மாதத்தில் அவர் இறந்துவிட்டார். அவர் இருக்கும்போது நான் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் நடுவில், வடக்குக் கரையில் இருக்கிறது தாழையடித்துறை. நூற்றி எண்பது வீடுகள், ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம். அப்பா அங்கே பிறந்து, பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கடற்றொழிலுக்குப் போனவர். 1990இல் அம்மாவையும் மூன்று வயதான என்னையும் படகில் ஏற்றிக்கொண்டு இராமேஸ்வரம் போனார். மண்டபம் முகாமில் அவருக்கு இன்னொரு வேலை வந்து சேர்ந்தது. கையெழுத்து அழகாக இருந்ததால் முகாமில் எல்லோருக்கும் மனு எழுதினார். 2003இல் ஊர் பார்க்கத் தனியாகத் திரும்பினார், அங்கேயே தங்கிவிட்டார். என் படிப்புக்காக அம்மாவும் நானும் இந்தியாவில் இருந்தோம். 2008இல் அம்மா அங்கேயே இறந்தார். நான் கட்டடப் பொறியியலில் டிப்ளோமா முடித்து 2011இல் நாடு திரும்பினேன். கொழும்பில் வீதிகளை அளந்து வரைபடம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் தொழில்நுட்ப அலுவலராகச் சேர்ந்தேன்.

ஊருக்கு வருடத்தில் ஒரு முறை வருவேன். ஓகஸ்ட் மாதம், மடு மாதா கோயில் திருவிழா லீவில். தாழையடித்துறையில் மழை பெய்து நான் பார்த்ததில்லை.

அப்பா அரசியலுக்கு வந்தது படிவங்களால். முகாம்களிலிருந்து திரும்பிய குடும்பங்களில் பாதிப் பேருக்குப் பிறப்புச் சான்று கிடையாது. சிலருக்கு அடையாள அட்டை இல்லை. அது இல்லாவிட்டால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை, படகுக்குப் பதிவு இல்லை. அப்பா அவர்களைக் கூட்டிக்கொண்டு அரச கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். முதலில் பிரதேச சபைக்கு நின்று தோற்றார். 2013இல் மாகாண சபைக்கு நிற்கச் சொல்லிக் கட்சிக்காரர் வீட்டுக்கு வந்தபோது அப்பா சொன்னாராம்:

"எனக்கு மேடையில பேச வராது, தம்பி. எழுதத்தான் தெரியும்."

"பேசுறவங்கள் எங்களிட்ட லொறிக் கணக்கா இருக்கிறாங்கள், அண்ணை. எழுதத் தெரிஞ்சவன்தான் ஒருத்தனும் இல்லை."

தாழையடித்துறைச் சாவடியில் அன்று 640 பேர் வாக்களித்தார்கள். எண்ணும் நிலையத்தில் இருந்த முகவர் குறித்துக்கொண்டு வந்த கணக்கின்படி 588 பேர் அப்பாவின் இலக்கத்துக்குப் புள்ளடி போட்டிருந்தார்கள். அவர் மற்ற எந்த எண்ணையும் நினைவில் வைத்திருந்ததில்லை. இதை மட்டும் அடிக்கடி சொல்வார்.

சபை யாழ்ப்பாணத்தில், கைதடியில் கூடியது. அப்பா அதிகாலை பஸ்ஸில் போய் இரவு பஸ்ஸில் வந்தார். ஐந்து வருடத்தில் பத்தொன்பது முறை பேசினார். எதுவும் மூன்று நிமிடத்தைத் தாண்டவில்லை. கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் பஸ்தியாம்பிள்ளை அவருடைய பள்ளித் தோழர். அவர் துறையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கத்துவார்:

"என்ன எமிலி, சபையில இண்டைக்காவது வாய் திறந்தனியோ? இல்லை, கொட்டாவி விடத்தான் திறந்தனியோ?"

"திறந்தனான். உன்னைப் பற்றித்தான் முறைப்பாடு."

எங்கள் ஊருக்கு அப்பா கொண்டுவந்த ஒரே பெரிய வேலை ஒரு வீதி. பிரதான வீதியிலிருந்து கரை வரை ஒன்றேகால் கிலோமீற்றர். அதுவரை ஐஸ் லொறிகள் மணலில் புதையும் என்று துறைக்கு வராது. பெண்கள் மீன் பெட்டியைத் தலையில் சுமந்து பிரதான வீதிக்கு வருவார்கள். வீதி வரைபடத்தில் குடியிருப்பின் மேற்கு ஓரத்தில், வீதிக்கு அடியால் தண்ணீர் போக இரண்டு மதகுகள் இருந்தன. ஒதுக்கிய பணத்தில் மதகுகளையும் கட்டினால் தார் கரை வரை போகாது. முந்நூறு மீற்றர் குறையும். அப்பா தொலைபேசியில் கேட்டார்:

"பிள்ளை, ஒருக்கா வந்து பாக்கிறியோ? மதகு வேணுமோ வேண்டாமோ எண்டு."

2016 ஓகஸ்ட் பதின்மூன்றாம் திகதி வந்தேன். நிறுவனத்திடம் சொல்லாமல் நில உயரம் பார்க்கும் லெவல் கருவியை எடுத்து வந்திருந்தேன். அந்த நாள்களில் ஊரில் ஆள் இருக்காது. எல்லாக் குடும்பமும் பாய், அடுப்பு, கோழி சகிதம் மடுவில் கூடாரம் போட்டுவிடும். அளப்பதற்கு அது வசதி என்று நினைத்தேன். யாரும் குறுக்கே வரமாட்டார்கள். அப்பா அளவுகோலைப் பிடித்தார், நான் கருவியில் பார்த்தேன். இரண்டு காலைகளில் முடித்தோம்.

குடியிருப்புக்கு மேற்கே தரவை இருக்கிறது. வெறும் புல்வெளி, மழைக்காலத்தில் நீர் தேங்கும் பள்ளம். அதற்கும் வீடுகளுக்கும் இடையிலான நிலம் வீட்டு ஓரத்தைவிடப் பதினான்கு சென்ரிமீற்றர் உயரமாக இருந்தது. தண்ணீர் மேட்டில் ஏறாது. ஆகவே அந்த வழியால் தண்ணீர் போகாது.

"இதில வாய்க்கால் ஒண்டு இருக்கு, பிள்ளை" என்றார் அப்பா. "ஐப்பசியில எல்லாரும் சேர்ந்து வெட்டுவம்."

"எங்க, காட்டுங்கோ."

அவர் காட்டிய இடத்தில் மணல் சமமாக இருந்தது. ஒரு கோடுகூட இல்லை.

"சோளகம் மூடிப்போட்டுது."

"அப்பா, நான் அளந்து சொல்றன். அந்தப் பக்கம் உயரம். நீங்கள் வெட்டுறது சும்மா பழக்கத்துக்கு. தண்ணி மணலுக்குள்ள இறங்கிக் கடலுக்குப் போயிடும்."

அவர் அளவுகோலை எடுத்துத் தோளில் வைத்தார். "சரி. நீ படிச்சனி" என்றார்.

அந்தப் பதினான்கு சென்ரிமீற்றர், மே மாதத்திலிருந்து அடித்த சோளகக் காற்று கொண்டுவந்து போட்ட மணல். ஒவ்வொரு வருடமும் காற்று மூடுகிறது, ஒவ்வொரு ஐப்பசியிலும் ஊர் வெட்டித் திறக்கிறது. மேட்டுக்கு அடியில் வாய்க்கால் இருந்தது. ஓகஸ்டில் அளந்தால் அது தெரியாது. ஊரில் வேறு யார் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பார்கள். எல்லோரும் மடுவில் இருந்தார்கள்.

அடுத்த மாதம் கோயில் மண்டபத்தில் கூட்டம். பஸ்தியாம்பிள்ளை எழுந்து கேட்டாராம்:

"எமிலி, மதகில்லாமல் வாய்க்காலுக்கு என்ன வழி?"

"தண்ணி அதால போறதில்லையாம். அளந்து பாத்தாச்சு."

"ஆர் அளந்தது?"

"தெரிஞ்ச ஆக்கள்."

"அளவு பிழைச்சால்?"

"பிழைச்சால் என்னைப் பிடியுங்கோ."

அவரை நம்பினார்கள். மதகுகளை விட்டுவிட்டுத் தாரைக் கரை வரை போடும்படி அப்பா தன் பெயரில் கடிதம் கொடுத்தார். 2017இல் வீதி முடிந்தது. வீதி தரையிலிருந்து அறுபது சென்ரிமீற்றர் உயரம். முதல் வருடம் மழை குறைவு, வாய்க்கால் வெட்டத் தேவைப்படவில்லை. லொறி கரைக்கு வந்தது. அப்பாவுக்கு மாலை போட்டார்கள்.

2018 ஒக்ரோபரில் சபையின் காலம் முடிந்தது. நவம்பரில் மழை பெய்தது. வழக்கம்போல ஊர் மண்வெட்டியோடு வாய்க்கால் வெட்டப் போனது. வெட்டிக்கொண்டு போன வாய்க்கால் வீதியில் முட்டி நின்றது. நாற்பத்து மூன்று வீடுகளுக்குள் ஒன்பது நாள் தண்ணீர். மலசலகூடக் குழிகள் நிரம்பி அந்தத் தண்ணீர் கிணறுகளுக்குள் போனது. அந்த வீடுகளில் ஒன்றில் இருந்த துசாந்தினி அப்போது கைக்குழந்தைக்காரி. முழங்காலளவு தண்ணீரில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு வீதிக்கு ஏறி வந்து அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்:

"எமிலி மாமா, உங்கட ரோட்டில நிண்டு பாத்தா எங்கட வீடு கப்பல் மாதிரி வடிவாத் தெரியுது."

அப்பாவின் கையில் அப்போது பதவி இல்லை. கந்தோர்களில் உட்காரக் கதிரை காட்டவில்லை. பத்தாம் நாள் காலை அவரே மண்வெட்டியை எடுத்துத் தாரைக் கொத்தத் தொடங்கினார். பிறகு ஆண்கள் எல்லோரும் சேர்ந்து வீதியைக் குறுக்கே வெட்டினார்கள். தண்ணீர் இரண்டு நாளில் வடிந்தது. வெட்டிய இடத்தில் பனங்குற்றி போட்டார்கள். லொறி மறுபடியும் கரைக்கு வரவில்லை.

செய்தி கேட்ட அன்றே நான் கொழும்பிலிருந்து பேசினேன்.

"நான் வாறன், அப்பா. நான்தான் சொன்னது எண்டு சொல்றன்."

"வராதை."

"ஏன்?"

"கருவியைக் களவா எடுத்து வந்தனி. தெரிஞ்சால் உன்ர வேலை போகும். வேற எவனும் தரமாட்டான். என்ர பேர் கெட்டால் என்ன, ஒரு எலக்சன்தானே போகும்."

"அவையள் உங்களை ஏசுவினம்."

"ஏசட்டும். தண்ணிக்குள்ள நிக்கிறவன் வேற என்ன செய்வான்?"

அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வுப் பரீட்சை இருந்தது. நான் வரவில்லை. பரீட்சையில் சித்தியடைந்தேன்.

அதற்குப் பிறகும் மாகாண சபைக்குத் தேர்தல் வரவில்லை. அப்பாவின் கடிதத் தாள்கள் ஒரு கட்டு மிச்சம் இருந்தன. 'உறுப்பினர்' என்பதற்கு முன்னால் பேனாவால் 'முன்னாள்' என்று எழுதி அவற்றையே பாவித்தார். படிவம் நிரப்ப வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். எங்கள் ஊர்க்காரர் ஆட்டோ பிடித்துப் பேசாலைக்குப் போய் அங்கே நிரப்பினார்கள். பஸ்தியாம்பிள்ளை அவரைக் கண்டால் தலையசைப்பார். துறையில் கத்திப் பகிடி விடுவதை நிறுத்திவிட்டார். அதைத்தான் அப்பாவால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

2025இல் பிரதேச சபைத் தேர்தல் அறிவித்ததும் எங்கள் வட்டாரத்தில் நிற்கப் போவதாகச் சொன்னார். எழுபது வயது. நெஞ்சு வருத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னத்துக்கு அப்பா? அந்தச் சபையில என்ன கிடைக்கும்?"

"சபை வேண்டாம். எங்கட சாவடிதான் வேணும். எங்கட சனம் திரும்ப ஒருக்கா எனக்குப் போட்டால் காணும்."

இரண்டு கிழமை லீவு போட்டு வந்தேன். வீடு வீடாகப் போனோம். கதிரை தந்தார்கள், தேத்தண்ணி தந்தார்கள். வீதியைப் பற்றி யாரும் பேசவில்லை. கடைசிக் கூட்டத்துக்கு முதல் நாள் அப்பாவிடம் சொன்னேன்:

"நாளைக்கு நான் எழும்பிச் சொல்லப் போறன்."

"இப்பவோ? வோட்டுக் கேக்கப் பிள்ளையை முன்னால விடுறான் எண்டுவாங்கள். பேசாமல் இரு, மக்டா."

நான் வற்புறுத்தவில்லை. அவர் வேண்டாம் என்றது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

பள்ளிக்கூடத்திலேயே வாக்குகளை எண்ணினார்கள். அப்பா வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். முகவர் வந்து துண்டைக் கொடுத்தார். வென்றவருக்கு 387. அப்பாவுக்கு 112. அவர் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நூற்றிப் பன்னிரண்டு பேர் போட்டிருக்கினம்" என்றார். "பாவம், அதுகள்."

செப்ரெம்பர் ஏழாம் திகதி காலை, முகம் கழுவப் போன இடத்தில் விழுந்தார். மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் போய்விட்டது. ஊர் முழுவதும் வந்தது. பெட்டியைச் சங்கத்து ஆட்கள் சுமந்தார்கள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து எல்லோரும் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பஸ்தியாம்பிள்ளையின் அருகில் போய் இருந்தேன். அளந்தது நான் என்று சொன்னேன். ஓகஸ்ட், மடு, பதினான்கு சென்ரிமீற்றர், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது.

"அவனுக்கு வாய்க்கால் தெரியும்" என்றார். "அவனும் எங்களோட வெட்டினவன்தானே. தெரிஞ்சும் ஏன் ஓமெண்டான் எண்டுதான் ஏழு வருசமா யோசிச்சனான். காசு வாங்கிப்போட்டான் எண்டு நினைச்சம், மகள்."

"அவர் வாங்கேல்லை."

"இப்ப விளங்குது." கையை உதறிவிட்டு எழுந்தார். "அண்டைக்குச் சொல்லியிருந்தால் உனக்கு ஏசியிருப்பம். அவனோட கதைச்சிருப்பம்."

"இப்ப என்ன செய்ய, மாமா?"

"என்னட்ட மட்டும் சொல்லி என்ன? ஞாயிறு சங்கக் கூட்டம். அங்க வந்து சொல்லு. புத்தகத்தில எழுதட்டும்."

லீவை நீட்டினேன். ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் அறுபது பேரளவில் இருந்தார்கள். அப்பா 'என்னைப் பிடியுங்கோ' என்ற அதே மண்டபம். சொல்லி முடிக்க நாலு நிமிடம்கூட ஆகவில்லை. செயலாளர் சாந்தரூபன் எழுதியதை எழுந்து நின்று வாசித்தார்:

"துறை வீதியில் மதகு தேவையில்லை என அளந்து கூறியவர் அமரர் எமிலியானுஸ் அவர்களின் மகள் மக்டலின். அமரர் அதனால் எவ்வித நன்மையும் பெறவில்லை. கூட்டம் இதனை ஏற்றுக்கொள்கிறது."

கையெழுத்துப் போட்டேன். வேலை போவதானால் போகட்டும்.

யாரும் ஏசவில்லை. பின் வாங்கிலிருந்து துசாந்தினி எழுந்தாள். அவளுடைய பிள்ளைக்கு இப்போது ஏழு வயது, பக்கத்தில் இருந்தது.

"எங்கட வீட்டில நாலு வோட்டு" என்றாள். "ஒண்டும் மாமாவுக்குப் போடேல்லை. இனி அதுகளை எங்க கொண்டுபோய்ப் போடுறது?"

தலைவர் கதிரையில் இருந்த பஸ்தியாம்பிள்ளை அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சாந்தரூபனிடம் திரும்பி, அடுத்த விசயத்தை வாசிக்கச் சொன்னார்.