மலைப் பள்ளிக்கூடத்தை மூடிய கதை

அந்த மலைப் பள்ளிக்கூடத்தை மூடியது கிராமசபை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பொய். மூடியது நாங்கள். நானும் அண்ணாவும் தங்கச்சியும், அப்பாவும் அம்மாவும், பிறகு நாவூறு பட்டுவிடும் என்ற எங்கள் பாழாய்ப்போன பயமும்.

டாவோசுக்கு அப்பால், பஸ் திரும்புகிற கடைசிக் கிராமம். அப்பா கீழே ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினார். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பறை, ஒரே டீச்சர். அவர் அதன் மேல்மாடியிலேயே குடியிருந்தார். விறாந்தையில் வருடத்துக்கு ஒரு வகுப்புப் படம் மாட்டியிருந்தது. பழைய படங்களில், மாடும் புல்லுமாய் வாழும் ஊர்க் கமக்காரரின் பாட்டன்மார் வெறுங்காலோடு முறைத்துக்கொண்டு நின்றார்கள். போகப் போகப் பிள்ளைகள் குறைந்து, கடைசிப் படத்தில் எங்கள் மூன்று கறுத்த தலைகளையும் சேர்த்துக் கொஞ்சப் பேர்தான்.

நாங்கள் மூவரும் இருந்தால்தான் அங்கே பள்ளிக்கூடம் நடத்தலாம். இல்லாவிட்டால் பூட்டிவிட்டு, மிச்சப் பிள்ளைகளைப் பஸ்ஸில் கீழே அனுப்புவார்கள். பனிக்காலத்தில் அதற்கென்று ஊர்க்கூட்டம் வைத்தார்கள். அதற்கு முன் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்து, அடுத்த வருடமும் இங்கேதானே இருப்பீர்கள் என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா ஜெர்மனில் “யா, யா” என்றார், ஓம் ஓம் என்று. குசினியில் யார் என்ன சொன்னாலும் சொல்லிப் பழகிய அதே யா.

உண்மையில் கீழே ஊஸ்டர் நகரத்தில், பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்தில், எங்களுக்கு அப்போதே வீடு சரிவந்திருந்தது. மலையில் கிடந்தால் பிள்ளைகள் மாடுதான் மேய்க்குங்கள் என்று பெரியம்மா டெலிபோனில் அப்பாவைப் பிய்த்தெடுத்திருந்தார்.

டீச்சர் போனபிறகு அப்பா திருதிருவென்று முழித்தார். “பாவம் அந்த மனிசி. சொல்லியிருக்கலாமோ?”

“சாமான் ஏத்துறதுக்கு முன்னம் ஒருத்தரிட்டையும் மூச்சு விடப்படாது,” என்றார் அம்மா. “சொல்லிப்போட்டுச் செய்த காரியம் எங்களுக்கு எது சரிவந்தது?”

எங்களுக்கும் வாய்ப்பூட்டுத்தான்.

கூட்டத்தில், பள்ளிக்கூடம் இருக்கட்டும் என்று ஊரே கை உயர்த்தியது. வெளிநாட்டுக்காரரான எங்களுக்குக் கை உயர்த்த உரிமையில்லை. ஆனால் எங்களை நம்பித்தான் உயர்த்தினார்கள். பனி கரைந்ததும் கமக்காரர் எல்லோரும் சேர்ந்து கூரையைப் புதுப்பித்தார்கள். அப்பாவும் தன் லீவு நாளில் போய்ப் பலகை சுமந்தார். அவர் மனம் அன்று என்ன பாடு பட்டதோ! இன்றைக்குக் கேட்டாலும் எழும்பிப் போய்விடுவார்.

கோடை விடுமுறையில் நல்ல நேரம் பார்த்து வான் வண்டியில் சாமான் ஏற்றினோம். இனிச் சொல்லலாம் என்றார் அம்மா. நல்ல சேதியை வெறுங்கையோடு சொல்லக்கூடாதாம். விடியவே எழும்பிச் சுட்டுவைத்த பயித்தம் பணியாரத் தட்டோடு எங்களையும் கூட்டிக்கொண்டு டீச்சரின் படி ஏறினார். அப்பா தன் குசினி ஜெர்மனில் விஷயத்தைச் சொன்னார். டீச்சர் சத்தம் போடவில்லை. எப்போது முடிவானது என்று மட்டும் கேட்டார். பனிக்காலத்திலேயே என்று அப்பா நிலத்தைப் பார்த்துச் சொன்னார். டீச்சர் தட்டை வாங்கினார். தட்டுச் சரிந்து ஒரு பணியாரம் விழுந்து உடைந்தது. அதைக் குனிந்து எடுக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

அந்த விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்கூடம் திறக்கவேயில்லை. இப்போது அதைச் சுற்றுலாக்காரருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். டீச்சர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. தேடிப் பார்த்துவிட்டேன். கண்டாலும் என்னத்தைக் கதைப்பது?

தட்டை வாங்கியபோது நான் கண்டது, வேலையும் வீடும் ஒரே சொல்லில் போன ஒருத்தியின் முகம். அன்று எனக்கு அது விளங்கவில்லை. டீச்சருக்குப் பணியாரம் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். வான் மலையிறங்கும்போது அம்மாவிடம் கோபித்துக்கொண்டேன்.

“நீங்கள் சொக்லேட் குடுத்திருக்கலாம், அம்மா.”