பனிமூட்டத்துக்கு ஒரு கட்டம்

சுந்தரவல்லிக்கு நாற்பத்திரண்டு வயதானபோது, அவள் வேலை பார்த்த கம்பெனி முழுவதும் ஒரே சாஃப்ட்வேருக்கு மாறுவதென்று முடிவாயிற்று. டெல்லி ஓக்லாவில் மின்சார மீட்டர் செய்யும் கம்பெனி. கொள்முதல், ஸ்டோர், உற்பத்தி, வருகைப் பதிவு என்று ஆளுக்கொரு ரிஜிஸ்டரிலும் பழைய கம்ப்யூட்டரிலும் கிடந்ததெல்லாம் 2004 ஏப்ரல் முதல் தேதிக்குள் ஒன்றாக வேண்டும். துறைக்கு ஒருவராக ஒன்பது பேரைப் பொறுக்கினார்கள். பர்சனல் துறையிலிருந்து சுந்தரவல்லி போனாள். பதினெட்டு வருஷமாகக் கடிதம் டிராஃப்ட் செய்தவள், எழுத்து தெளிவாக இருக்கும் என்று காரணம் சொன்னார்கள். வேறு யாரும் போக விரும்பவில்லை என்பது சொல்லாத காரணம்.

சாஃப்ட்வேரைப் பொருத்த வந்தவர்களில் ஷங்கர் என்ற இளைஞன் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். முதல் நாளே ஒரு கட்டுத் தாளை அவள் முன்னால் வைத்தான். ஒவ்வொரு தாளிலும் இரண்டு கட்டங்கள். இடப்பக்கம், இப்போது எப்படி நடக்கிறது. வலப்பக்கம், இனி எப்படி நடக்க வேண்டும். கீழே அந்தப் பிரிவின் பொறுப்பாளர் கையெழுத்து.

"மேடம், இதுல என்ன எழுதறீங்களோ அதான் சிஸ்டத்துல வரும். எழுதலைன்னா கதம். அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் பிரிவு பிரிவாகப் போய் உட்கார்ந்தாள். "நீங்க என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டால் எல்லோரும் விதிமுறையை ஒப்பித்தார்கள். பத்து நாளில் கேள்வியை மாற்றிக்கொண்டாள். "நேத்து காலைல வந்ததும் என்ன பண்ணினீங்க?" அதற்குத்தான் உண்மையான பதில் வந்தது.

டிசம்பர் கடைசியில், வருகை நேரம் பதியும் டைம் ஆபீஸுக்கு வந்தாள். அங்கே டைம் கீப்பர் குழந்தைசாமி. ஈரோட்டுக்காரர், ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்று இங்கே சேர்ந்தவர். ரிடையராக இன்னும் ஒன்றரை வருஷம். நான்கு நிமிஷம் பிந்தி வந்ததற்காக சுந்தரவல்லியின் பெயருக்கு எதிரே ஒருமுறை சிவப்பு மையில் சுழித்தவர். குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவள் சொன்னதை, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே சுழித்தார். அவரிடம் யாரும் ஒரு நிமிஷம்கூடக் கடன் வாங்க முடியாது என்று கம்பெனியில் பேச்சு.

இரண்டு வருஷத்து வருகை ரிஜிஸ்டரைத் தந்தார். அவள் புரட்டிக்கொண்டே வந்தாள். 2003 ஜனவரி ஆறாம் தேதிப் பக்கத்தில் கை நின்றது. அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. சென்னையிலிருந்து அவள் கணவர் வந்த ரயில் மூடுபனியில் பதினேழு மணி நேரம் தாமதம். எதிரே வரும் ஆள் தெரியவில்லை. பல்லப்கட்டிலிருந்து தொழிலாளர்களை ஏற்றி வரும் கம்பெனி பஸ் பத்து மணிக்குமேல்தான் வந்தது. ரிஜிஸ்டரில் அந்த பஸ்ஸில் வந்த ஐம்பது பேருக்கும் எட்டரை மணி என்று இருந்தது. எல்லாம் ஒரே கையெழுத்து, குழந்தைசாமியுடையது. தேடியபோது அந்த ஒரு குளிர்காலத்திலேயே அப்படி இன்னும் பதினான்கு நாட்கள் கிடைத்தன.

"இது எப்படிங்க?" என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

அவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார்.

"பஸ்ஸு கம்பெனியோடதுங்க அம்மிணி. கம்பெனி அனுப்புன பஸ்ஸு லேட்டா வந்தா, அதுல ஏறுனவன் எப்படிங்க லேட்டாவான்? ஆர்டர் குடுங்கன்னு தொண்ணூத்தொண்ணுல எழுதிக் கேட்டேன். மறுபடியும் ஒருக்கா கேட்டேன். பதிலே வரலைங்க. அதுக்கப்புறம் நானே போட்டுட்டனுங்க."

"யாருக்காவது தெரியுமா?"

"ஏறி வந்தவனுக்கே தெரியாதுங்க. நீங்க எழுதறதும் எழுதாததும் உங்க இஷ்டம்."

மூன்று நாள் பிந்தினால் அரை நாள் விடுப்பு போகும் என்பது விதி. ஏப்ரலிலிருந்து வாசலில் கார்டைத் தேய்த்தால் மெஷின் நேரம் பதியும். அதற்கு மூடுபனி தெரியாது. ஒரு குளிர்காலத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு நாளுக்குமேல் விடுப்பு கரைந்துவிடும்.

அவள் பர்சனல் மேனேஜர் மல்ஹோத்ராவிடம் போய், யாரையும் குறிப்பிடாமல் கேட்டாள். பனி நாளில் பஸ் பிந்தினால் என்ன செய்வது? அவர் கெட்டிக்காரர். உடனே புரிந்துகொண்டார்.

"சுந்தரவல்லிஜி, நீங்கள் எழுதினால் நான் விசாரணை வைத்தாக வேண்டும்" என்றார் இந்தியில். "எழுதாவிட்டால் என் காதில் ஒன்றும் விழவில்லை. அடுத்த குளிர் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்."

அவருடைய குரலில் அக்கறைதான் இருந்தது. தொண்ணூற்றொன்றிலும் யாரோ இதே அக்கறையோடுதான் அந்தக் கடிதத்தை ஓரமாக வைத்திருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். இடப்பக்கத்தைக் காலியாக விட்டாள். வலப்பக்கத்தில், கம்பெனி பஸ் பிந்தும் நாளில் அதில் வந்தவர்கள் நேரத்துக்கு வந்ததாகக் கொள்ள வேண்டும், பஸ் வந்த நேரத்தை வாசல் கேட்டில் பதிய வேண்டும் என்று எழுதினாள். ஷங்கர் தாளைத் திருப்பித் தந்தான்.

"இடப்பக்கம் காலியா இருந்தா இது புதுக் கோரிக்கை மேடம். புதுசெல்லாம் டிசம்பரோட பந்த். இப்ப நடந்துட்டிருக்கிறதுன்னா மட்டும்தான் இனிமே கமிட்டில எடுத்துப்பாங்க."

அதைக் குழந்தைசாமியிடமே போய்ச் சொன்னாள். அவர் தாளை வாங்கி மேசைமேல் வைத்து நேராக்கினார்.

"அப்ப நடக்கறதையே எழுதிப்போடுங்க. ஆர்டர் இல்லாம டைம் கீப்பர் எட்டரைன்னு எழுதறார்னு."

"வேண்டாங்க. ஒன்றரை வருஷத்துல ரிடையராகப் போறீங்க."

"அதனாலதானுங்க. நான் போனதுக்கப்புறமும் பனி வருமில்லீங்களா? குடுங்க, கையெழுத்துப் போடறேன்."

அவள் எழுதினாள். அவர் முழுப் பெயரையும் போட்டு, கீழே தேதியும் இட்டார்.

விசாரணை இரண்டு வாரம் நடந்தது. குழந்தைசாமிக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்து, லாரிகள் வந்துபோகும் பின்கேட்டுக்கு மாற்றினார்கள். தாள் கமிட்டியில் பேச்சில்லாமல் நிறைவேறியது. ஏப்ரலில் எல்லாத் துறைகளும் தடுமாறின. ஜூலைக்குள் சரியாயிற்று.

அந்த டிசம்பரில் முதல் மூடுபனி விழுந்த நாள், பஸ் பத்து இருபதுக்கு வந்தது. ஐம்பத்திரண்டு பேர் கார்டைத் தேய்த்தார்கள். சுந்தரவல்லி தன் மேசையிலிருந்தே திரையைத் திறந்து பெயர் பெயராகப் பார்த்தாள். ஐம்பத்திரண்டும் நேரத்துக்கு வந்ததாகவே காட்டின. கம்ப்யூட்டர் இரக்கமுள்ளது என்று ஒருவன் கேன்டீனில் சொன்னதாகக் கேள்வி.

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்கேட்டுக்கு நடந்தாள். குழந்தைசாமி லாரிச் சீட்டு ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் சரியா வந்திருக்குங்க."

"வரத்தானுங்களே எழுதுனது" என்றவர் டிரைவர் பக்கம் திரும்பி, "ஜல்தி கரோ பையா" என்று அவசரப்படுத்தினார். அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

திட்டம் நல்லபடி முடிந்ததற்குப் பாராட்டுக் கூட்டம் நடத்தி அவளுக்குப் பதவி உயர்வும் கொடுத்தார்கள். ஆனால் ஒரு விஷயம் அவளை விடவில்லை. கையெழுத்துப் போடுகிறேன் என்று அவர் சொன்னபோது, தன்னுடைய 'வேண்டாம்' ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லையே? கமிட்டியிடம் போய், புதுக் கோரிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சண்டை போட்டிருக்கலாம். அவர் சம்மதித்ததால் எழுதினாளா, தேதி நெருங்கியதால் எழுதினாளா என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் கம்பெனியின் சோனிபட் தொழிற்சாலையை அதே சாஃப்ட்வேருக்கு மாற்றும் வேலை அவள் பொறுப்பில் வந்தது. புதுக் கோரிக்கைகளுக்கான கெடு முடிந்த பிறகு பதினொரு தாள்களைக் கையில் எடுத்துக்கொண்டு கமிட்டி முன்னால் நின்றாள். எல்லாவற்றிலும் இடப்பக்கம் காலி. இப்போது இதை யார், எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டார்கள். இது தேவை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னாள். நான்கைத் தள்ளினார்கள். ஏழு தாள்களை எடுத்துக்கொண்டார்கள்.