ஹிந்தி தெரியும்தானே?

செம்பவாங் கப்பல் பட்டறையில் ஏழு வருடம் கப்பலுக்குப் பெயின்ட் அடித்த நான் சூப்பர்வைசர் ஆக வேண்டுமானால், இங்கிலீஷில் ஒரு நேர்காணலைத் தாண்ட வேண்டும். அதற்காக ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தொலைத்து, ஜாலான் புசாரில் ஓர் இரும்புக்கடை மாடியில் நடந்த வகுப்புக்குப் போனேன்.

வாத்தியார் இங்கேயே பிறந்த தமிழர். சட்டைப் பையில் மூன்று பேனா, மண்டையில் என்ன இருந்ததென்று தெரியாது. முதல் நாளே வடநாட்டில் அச்சடித்த புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். ஒவ்வொரு இங்கிலீஷ் வாக்கியத்துக்கும் கீழே இங்கிலீஷ் எழுத்திலேயே ஹிந்தி அர்த்தம்.

“நீங்கல்லாம் இந்தியாவுலேருந்து வந்தவங்க, ஹிந்தி தெரியும்தானே லா? உங்களுக்காகவே தேடி வாங்குனேன்.”

அறந்தாங்கி, மன்னார்குடி, பரமக்குடி என்று பன்னிரண்டு பேர் இருந்தோம். ஒருவனுக்கும் ஹிந்தி தெரியாது. பன்னிரண்டு பேரும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினோம். தன்னை மட்டும் படிக்காதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று ஒவ்வொருவனுக்கும் பயம்.

காலையிலிருந்து வேலை செய்துகொண்டிருக்கிறேன் என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று விளக்க, அந்த மகானுபாவர் ஹிந்தி வரியைப் பலகையில் எழுதினார். அவருக்கும் ஹிந்தி தெரியாது, பார்த்துத்தான் எழுதினார். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு வரியையும் சேர்த்தே நெட்டுருப் போட்டேன்.

நேர்காணலில் சீன மேலாளர் ஏதோ கேட்டார். ‘ஒர்க்கிங்’ என்பது மட்டும் காதில் விழுந்தது. “ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் சின்ஸ் மார்னிங்” என்றேன். வாய் அதோடு நிற்கவில்லை. “மே சுபஹ் சே காம் கர் ரஹா ஹூம்” என்று வாலையும் சேர்த்து ஒப்பித்தது.

“யூ நோ ஹிந்தி, ஆ?” என்று நிமிர்ந்தார்.

தலையாட்டினேன். புத்தி வந்தால்தானே!

வேலை கிடைத்துவிட்டது. பீகாரிலிருந்து புதிதாக வந்த எட்டுப் பேரை மேய்க்க ஹிந்தி தெரிந்த ஆள் தேடிக்கொண்டிருந்தார்களாம்.

திங்கட்கிழமை காலை எட்டுப் பேரும் என் முன்னால் நின்றார்கள். சேஃப்டி பெல்ட் மாட்டாமல் ஏணியில் ஏறக் கூடாது என்று நான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்ததோ ஒரே ஒரு வரி. வெட்கமில்லாமல் அதையே அதிகாரத்தோடு சொன்னேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு, புது சூப்பர்வைசரிடம் புரியவில்லை என்று சொல்லப் பயந்து, எட்டுப் பேரும் தலையாட்டினார்கள்.

என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. அதற்குள் ஒருவன் பெல்ட் இல்லாமல் ஏணியில் பாதி ஏறிவிட்டான்.

“டேய், எறங்குடா!” என்று தமிழில் கத்தினேன்.

உடனே இறங்கிவிட்டான்.