குத்தகைக்கு ஒரு கேம் பொட்டி

போன வாரம் மயிலாடுதுறையில் ஒரு கடைக்குள் போய்த் தலைசுற்றி நின்றேன். நகைக்கடை இல்லை, ஜவுளிக்கடையும் இல்லை. டிவியில் மாட்டி விளையாடுகிற கேம் பொட்டி விற்கிற கடை!

இந்த வயதில் எனக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா? சொல்கிறேன்.

என் சின்னத் தம்பி ராசுவின் மகள் மதி பெரியவளாகியிருக்கிறாள். மஞ்சள் நீராட்டுக்கு அத்தை சீர் வைக்க வேண்டும். வெள்ளிக் குடம் வாங்கலாம் என்று நினைத்திருந்தேன். "குடத்த வச்சுக்கிட்டு நான் என்னத்தை பண்றது? கேம் பொட்டி வாங்கிக் குடுங்களேன்" என்று போனில் கேட்டுவிட்டாள். வாய்விட்டுக் கேட்ட பிறகு முடியாது என்று சொன்னால் அத்தைக்கு என்ன மரியாதை?

கடையில் போய்ப் பார்த்தால்... ஒன்றில்லை, மூன்று! வெள்ளை ஒன்று, கருப்பு ஒன்று, கையிலேயே பிடித்துக்கொள்கிற குட்டி ஒன்று. ஆளுக்கொரு கம்பெனியாம். அட்டையில் இருந்த பெயர்கள் இங்கிலீஷ். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். விட்டுவிட்டேன்.

"இதுல எதுப்பா ஒசத்தி?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"அது ஆடற ஆளப் பொறுத்தும்மா. யாருக்கு?"

"என் மருமகளுக்கு."

"மாமியாரே வாங்கித் தர்றீங்களா? குடுத்து வச்சவங்கம்மா!"

"தம்பி மகப்பா. பள்ளிக்கூடம் போற பொண்ணு."

அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். வெள்ளை, விலை அதிகம். ஐம்பதாயிரத்தை ஒட்டி வரும். படம் சினிமா மாதிரி இருக்குமாம், காலேஜ் பசங்க அதற்குத்தான் அலைகிறார்களாம். சிடி மாதிரி தட்டு வாங்கிப் போட்டால் அந்த கேம் நமக்கே சொந்தம். கருப்பு அதைவிட மலிவு. மாசாமாசம் பணம் கட்டினால் நூற்றுக்கணக்கில் கேம் தருவார்கள். குட்டி இன்னும் மலிவு. வீட்டோடு சேர்ந்து ஆடலாம், பஸ்ஸில் போகும்போதும் ஆடலாம்.

"அப்ப குட்டியே போதுமே?"

"பொட்டிதாம்மா மலிவு. அதுக்கு வர்ற கேம் வெல எறங்கவே எறங்காது."

"வெள்ளைக்கு?"

"பொட்டி வெல ஜாஸ்தி. ஆனா பழைய தட்டு சல்லிசா கெடைக்கும்."

மலிவானது அதிகம், அதிகமானது மலிவு. எனக்கு ஏதாவது விளங்கியிருக்கும் என்கிறீர்களா?

கருப்பைக் காட்டி, "மாசப் பணத்த நிறுத்திட்டா?" என்றேன்.

"அந்த கேமெல்லாம் தெறக்காதும்மா."

"ஆக, குத்தகை!"

"அப்படியும் சொல்லலாம்மா."

குத்தகை என்றால் எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கல்யாணமாகி வந்தபோது எங்கள் வீட்டில் உழுததெல்லாம் அடுத்தவர் நிலம். சாகுபடி பண்ணுகிறவர் பேரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தபோது பண்ணையார் ஆட்கள் வாசலில் வந்து நின்று கத்திவிட்டுப் போனார்கள். நாங்கள் அசையவில்லை. அந்தக் காகிதத்தில் போடத்தான் என் பேரை எழுதவே பழகினேன். அப்புறம் சிறுகச் சிறுகச் சேர்த்துச் சொந்தமாகப் பட்டா வாங்கினோம். அப்படிப்பட்ட நான் சீர்த்தட்டில் குத்தகையை வைப்பேனா?

"வெள்ளையைக் கட்டுப்பா" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான்.

விசேஷத்துக்கு முந்தின நாள் அது. கையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். பையைத் திறந்து பார்த்தாள் மதி. "அழகா இருக்குத்தை" என்றாள். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக்கூடக் கிழிக்காமல் பையை மூடி வைத்துவிட்டாள்.

குழந்தை சீரைப் பிரிக்காமல் வைத்தால் என்ன அர்த்தம்?

"என்னடி, புடிக்கலியா?"

அப்பா கொல்லையில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டாள். "கவி அக்காகிட்ட இருக்கறது கருப்புத்தை. இதுலேருந்து அதுக்குச் சேர்ந்து ஆட முடியாது. செல கேம்ல முடியும். நாங்க ஆடறதுல முடியாது."

கவி, என் பெரிய தம்பி செல்வத்தின் மகள். ராசு வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அந்தச் சுவர் எழும்பியதே வாய்க்கால் தகராறில். யார் வயலுக்கு முதலில் தண்ணீர் என்று ஆரம்பித்தது முன்சீப் கோர்ட்டில் தாவாவாக நிற்கிறது. இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. நாளைக்கு விசேஷத்துக்குக் கவி வரப்போவதில்லை.

"போனை அப்பா வாங்கிப் பாத்துடுவாரு. கேம் ஆடிக்கிட்டே அதுல பேசினா அவருக்குத் தெரியாதுத்தை. கவி அக்காகூடப் பேசி எவ்வளோ நாளாச்சு..." என்றாள். கண்ணில் தண்ணீர்.

எனக்குச் சுருக்கென்றது. போன சம்பாவில் செல்வம் நீண்ட நாள் நெல் விதைத்தான். அவனோடு ஒத்துப்போகக்கூடாது என்ற வீம்பில் ராசு குறுகிய நாள் ரகம் விதைத்தான். ஊர் வயலெல்லாம் ஒன்றாகக் கதிர்விட்டால் குருவிகள் ஆளுக்குக் கொஞ்சம் கொத்திவிட்டுப் போகும். ஒரு வயல் மட்டும் முந்திக்கொண்டால்? அத்தனை குருவியும் அங்கேதான்! ராசுவுக்கு மிஞ்சியது வைக்கோல். "பக்கத்து வயல்ல என்ன நிக்குதுன்னு பாக்காம வெதைப்பியாடா?" என்று அவனை அன்றைக்கு நான் திட்டின திட்டு கொஞ்சமில்லை.

இப்போது நான் பண்ணியது என்ன?

மறுநாள் கடை திறக்கும்போதே போய் நின்றேன். பிரிக்காத பெட்டி, அதனால் மாற்றித் தரச் சம்மதித்தார்.

"நேத்து குத்தகையே வேணாம்னீங்களேம்மா?"

"இன்னைக்கு வேணும். கட்டுப்பா."

மீதியை மாசப் பணத்துக்கே முன்கூட்டிக் கட்டிக்கொண்டார். இந்த ஏற்பாடு அரைகுறையாகத்தான் புரிந்தது, தலையாட்டினேன்.

விசேஷம் முடிந்து பந்திப் பாய் சுருட்டியாயிற்று. மதி பட்டுப்பாவாடையோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். காதில் ஏதோ மாட்டியிருந்தாள்.

"எடது பக்கம் வாக்கா! அய்யோ, எடது!"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "வந்துட்டேன்டி, கத்தாத!"

காதில் எதற்கு மாட்டினார்கள் என்றே தெரியவில்லை. அவ்வளவு சத்தம்.

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த ராசுவின் கை நின்றது. "யாருகூடக்கா ஆடறா?"

"யாருக்குத் தெரியும்? ஏதோ வெளியூர்ப் பொண்ணாம்" என்றேன்.

சுவரையே பார்த்தான். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சிரிப்பு வெடித்தது. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டான்.

"இதுக்கு மாசாமாசம் பணம் கட்டணுமாமே. மறந்துபோயி நின்னுடப்போவுது... பாத்துக்கக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து கொல்லைப் பக்கம் போனான்.

மூன்றில் எது உசத்தி? யாராவது விளங்கச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று மட்டும் நிச்சயம்... குத்தகை பாக்கி வைத்துப் பழக்கமில்லை எங்கள் வீட்டில்!