மார்லிஸ் இடிக்கக் கற்றுக்கொண்ட கோடை

"மன்னிச்சுக்கம்மா, இப்ப இடிக்கப் போறேன்" என்று அறிவித்துவிட்டுத்தான் மார்லிஸ் இடிப்பாள். இடிபட வேண்டியவள் அதற்குள் நகர்ந்துவிடுவாள். மார்லிஸ் வெறும் காற்றை இடித்துவிட்டுத் தானே போய் விழுவாள். ஆனால் விழுவதைப் பார்க்க வேண்டும். பின்னால் வரும் ஸ்கேட் சக்கரங்களுக்குச் சிக்காமல் விரல்களை மடக்கிக்கொண்டு, முழங்கால் காப்பில் வழுக்கி, மூன்றே வினாடியில் எழுந்து நிற்பாள். சக்கர ஸ்கேட்டில் ஓடியபடி எதிரணியை இடித்துத் தள்ளும் ஆட்டம் ரோலர் டெர்பி. எங்கள் டுலூத் ஊர்ச் சங்கத்தில் அவளைப்போல் விழ ஆளில்லை.

வயது ஐம்பத்து நான்கு. இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அந்தப் பழக்கத்தில், காலில் ஸ்கேட் மாட்டிக்கொண்டு வலப்பக்கம் ஒதுங்குவதென்றாலும் முதலில் வலக்கையை நீட்டிக் காட்டுவாள். பயிற்சியில் எதிரணியாக நிற்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்? இடப்பக்கமாகப் புகுந்து போய்விடுவார்கள். "சிக்னல் குடுக்காம எப்படித் திரும்புறது? மனசு வரலையே" என்பாள்.

மே மாதம் ஐஸ் ஹாக்கி அரங்கில் தரைமேல் உறைந்த ஐஸை எடுத்து, சிமெண்ட் தரை வெளியே வந்ததும் எங்கள் பயிற்சி தொடங்கும். ஸ்கேட்டைக் கண்ணால் பார்த்திராதவர்களும் சேரலாம். நானும் மார்லிஸும் அப்படித்தான் ஒரே நாளில் சேர்ந்தோம். ஆனால் ஆட்டத்தில் இறங்க ஒரு தேர்வு உண்டு. ஓடிக்கொண்டே பயிற்சியாளரை இடுப்பால் இடித்துக் கோட்டுக்கு வெளியே தள்ள வேண்டும். தேறினால்தான் சட்டை முதுகில் பட்டப்பெயர் ஏறும். பயிற்சியாளர் ரெனேயின் முதுகில் 'எலும்புமுறி' என்றிருக்கும். பகலில் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கும் சாதுவான பெண். மார்லிஸின் முதுகு வெறுமையாகவே இருந்தது. இரண்டு முறை தவறிவிட்டாள்.

பயிற்சி முடிந்ததும் மார்லிஸ், ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கேக் தட்டைத் திறப்பாள். அன்று தன்னிடம் இடிபட்டவர்களுக்கெல்லாம் பரிகாரமாம். அவள் யாரையும் இடித்ததில்லை என்று சொல்லி ஒரு துண்டை இழக்க நாங்கள் தயாராக இல்லை. கடைசித் துண்டை மட்டும் எங்கள் ஊரில் யாரும் முழுதாக எடுக்க மாட்டார்கள். ஒருத்தி பாதி வெட்டுவாள், அடுத்தவள் அதில் பாதி. மார்லிஸ் தபால்தலை அளவுக்கு வந்ததையும் வெட்டுவாள்.

"இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆம்புலன்ஸ், ரோட்டுப் பனியை வாருற வண்டி, ரோட்டைத் தாண்டுற வாத்துன்னு எல்லாத்துக்கும் வழி விட்டாச்சு. ஒரு தடவையாவது எனக்கு யாராவது வழி விடட்டுமே."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

ஆகஸ்டில் மூன்றாவது தேர்வு, அந்தப் பருவத்தின் கடைசி. செப்டம்பர் ஆட்டத்தைப் பார்க்க ஃபார்கோ ஊரிலிருந்து மார்லிஸின் தங்கை வருவதாக ஏற்கெனவே முடிவாகியிருந்தது. "மார்லிஸ், இன்னிக்கும் மன்னிப்பு கேட்டீங்கன்னா அடுத்த வருஷம்தான் பாத்துக்குங்க" என்றாள் ரெனே. மார்லிஸ் வாய்க்காப்பை இறுகக் கடித்துக்கொண்டாள்.

முதல் சுற்றில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது சுற்றில் அவள் வலக்கை லேசாக எழும்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். 'தொப்' என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தபோது எலும்புமுறி கோட்டைத் தாண்டி, தடுப்புப் பலகையோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"தேறிட்டீங்க" என்றாள், மூச்சு வாங்க. "அம்மாடி, என் இடுப்பு."

நாங்கள் கத்திக்கொண்டு ஓடினோம். மார்லிஸ் எங்களைக் கடந்து, விதி மீறி ஆடியவர்களை முப்பது வினாடி உட்கார வைக்கும் நாற்காலிக்கு நேராகப் போய் உட்கார்ந்தாள்.

"உன்னை யாரும் அனுப்பலையே, விசில்கூட அடிக்கல" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

முதுகை நிமிர்த்தி, கைகளை முழங்காலில் வைத்து, சுவர்க் கடிகாரத்தையே பார்த்தபடி முழு முப்பது வினாடியும் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வருத்தம் மருந்துக்கும் இல்லை.